காப்பி அடிங்க... தப்பே இல்லை!

எக்ஸாம் ஹாலில் பக்கத்து பெஞ்ச் பேப்பரை எட்டிப் பார்த்தால் ஸ்குவாட் வந்து தூக்கிடும். சீனியர் அசைன்மென்ட்டை அப்படியே இறக்கினால் ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் அரை நாள் நிற்கணும். ஆனால், காப்பி அடிக்கறதுக்குன்னே பர்மிஷன் கார்டு கொடுத்து, ஸ்டாண்டும் ஸ்டூலும் கொடுத்து, 'உட்கார்ந்து நிதானமா அடிப்பா'ன்னு சொல்ற இடம் ஒண்ணு பாரிஸில் இருக்கு. பேரு லூவர் மியூசியம். அது திறந்த 1793-லிருந்தே அங்கே ஓவியர்கள் பழைய மாஸ்டர்களைப் பார்த்து வரைஞ்சு பழகறாங்க. செஸான், டெகா எல்லாரும் அந்த ஹாலில் காப்பி அடிச்சவங்கதான். இப்பவும் நடக்குது. ஒரே ஒரு கண்டிஷன்... நீங்க வரையறது ஒரிஜினல் சைஸில் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது பெருசாகவோ சிறுசாகவோ இருக்கணும். பின்னாடி யாரும் 'இதுதான் ஒரிஜினல்'னு ஏமாத்தக் கூடாதுன்னுதான் இந்த ரூல்.

இந்த வாரம் நம்ம மேட்டர், ஆயில் பெயின்டிங். 'எனக்கு வாட்டர் கலரே வராது, இதுல ஆயிலா?' என்று பக்கத்தைத் திருப்பாதீங்க மக்களே. கை வராதுன்னு நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பக்கமே. ஏன்னா, இன்னைக்கு நமக்கு வாத்தியாராக வரப்போறவர் 27 வயசு வரைக்கும் ஓவியரே இல்லை.

வின்சென்ட் வான்கோ! படம் விற்கிற கடையில் வேலை, ஸ்கூல் டீச்சர், புத்தகக் கடை, சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம்னு எல்லாத்தையும் முயற்சி பண்ணி, எதிலும் நிலைக்காமல், 1880-ல்தான் 'வரையப் போறேன்'னு முடிவெடுத்தார். முதல் வேலையா என்ன செஞ்சார் தெரியுமா? காப்பிதான். சார்ல்ஸ் பார்க் என்பவர் போட்ட டிராயிங் பாடப் படங்களை வாங்கி வெச்சுக்கிட்டு, ஒண்ணு விடாம, திரும்பத் திரும்ப கரிக்கோலால் வரைஞ்சு தள்ளினார். காலேஜுக்கும் போனார். பிரஸ்ஸல்ஸிலும் ஆன்ட்வெர்ப்பிலும் அகாடமிகளில் சேர்ந்து பார்த்தார். ரெண்டிலும் சில மாசம்கூடத் தாங்கலை. (அட்டெண்டன்ஸ் பிரச்னை அப்பவே இருந்திருக்கு!) 1887-ல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுப் படங்களை ஆயில் பெயின்டில் எடுத்தார். அதுக்காக டிரேசிங் பேப்பரில் அவர் கட்டம் போட்டது இன்னைக்கும் பத்திரமா இருக்கு. அதனால, 'கட்டம் போட்டு வரையறது சீட்டிங்'னு யாராவது நக்கலடிச்சா, வான்கோ பேரைச் சொல்லிடுங்க.

அவரோட காப்பி கதையில் உச்சக்கட்டம் 1889-ல் வருது. மனசு சரியில்லாமல் செயின்ட் ரெமி மனநல விடுதியில் தானாகவே போய்ச் சேர்ந்தார். வெளியே போய் வரைய முடியாத நாட்கள் நிறைய. உட்கார்ந்து போஸ் கொடுக்க ஆளும் கிடையாது. தம்பி தியோவிடம் பிரின்ட் படங்களை அனுப்பச் சொல்லி, மில்லே, டெலக்ருவா, ரெம்ப்ராண்ட் என்று ஒவ்வொருத்தரா எடுத்து வரைய ஆரம்பிச்சார். வந்தது எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட் பிரின்ட். கலர் இவர் போட்டதுதான்! தம்பிக்கு எழுதின கடிதத்தில் இதை ஒரு இசைக் கலைஞனோட வேலையோடு ஒப்பிட்டார். பீத்தோவன் எழுதின இசையை ஒருத்தர் வாசிக்கும்போது அவரோட மனசும் அதில் கலந்துதானே வருது, ஓவியத்தில் மட்டும் அது ஏன் கூடாது என்பது அவரோட நியாயம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே தியாகராஜர் கீர்த்தனையைப் பத்து பேர் பாடறாங்க, பத்தும் பத்து விதம். யாரையாவது 'காப்பி அடிச்சுட்டான்'னு சொல்றோமா?

அதே விடுதியில் 1890 பிப்ரவரியில் இன்னொண்ணும் நடந்தது. அதுக்கு முன்னாடி, 1888 கடைசியில், ஆர்ல் ஊரில் அவரும் பால் கோகனும் ஒரே வீட்டில் தங்கி வரைஞ்சாங்க. அப்ப மேரி ஜினூ என்ற கஃபே ஓனரம்மா ரெண்டு பேருக்கும் போஸ் கொடுத்தாங்க. கோகன் கரிக்கோலில் வரைஞ்சார். அப்புறம் பெரிய சண்டை, காது அறுந்த கதை, கோகன் ஊரை விட்டே கிளம்பிட்டார். ஆனால் அந்த கரிக்கோல் படம் இங்கேயே தங்கிடுச்சு. அதைத்தான் வின்சென்ட் முன்னால் வெச்சுக்கிட்டு அந்த அம்மாவை ஆயிலில் திரும்பத் திரும்ப வரைஞ்சார். அதில் நாலு படம் இன்னைக்கும் இருக்கு. 'இது நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலைன்னு எடுத்துக்கோ' என்கிற அர்த்தத்தில் கோகனுக்குக் கடிதமும் எழுதினார். சண்டை போட்டுப் போன நண்பனோட கோடுகள் மேலேயே பிரஷ் வெச்சுப் போறது... நினைச்சுப் பாருங்க. அதில் ஒரு படம் 2006-ல் நியூயார்க் ஏலத்தில் 4 கோடி டாலருக்கு மேல் போச்சு. காப்பிக்கு!

சரி, நாம எதை எடுக்கிறது? 'ஸ்டாரி நைட்' வேண்டாம். சுழல் சுழலா கோடு போட்டு, ரெண்டு மணி நேரத்தில் 'அட, நல்லாத்தான் வந்திருக்கு'ன்னு நம்மளை நாமே ஏமாத்திக்கலாம். ஒரு கோடு தள்ளிப் போனாலும் நட்சத்திரம் கோவிச்சுக்காது. முகம் அப்படியில்லை. இமை ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினா ஆளே தூங்கி வழிவார். என்னோட சாய்ஸ்: ஆர்மண்ட் ரூலான்.

யார் இந்த ஆர்மண்ட்? ஆர்ல் ரயில்வே ஸ்டேஷனில் தபால் மூட்டைகளைக் கவனிச்ச ஜோசஃப் ரூலானோட மூத்த பையன். 1888 கடைசியில் வான்கோ அந்த வீட்டில் கைக்குழந்தை வரைக்கும் ஒருத்தர் விடாம வரைஞ்சார். அப்ப ஆர்மண்டுக்கு 17 வயசு. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு! மஞ்சள் கோட்டு, கொஞ்சம் சாய்ச்சு வெச்ச கருநீலத் தொப்பி, பின்னாடி பச்சை. ஜெர்மனியில் எஸ்ஸென் ஊரின் ஃபோக்வாங் மியூசியத்தில் இருக்கு. 2017-ல் வந்த 'லவிங் வின்சென்ட்' பார்த்தவங்களுக்கு ஆர்மண்டை உடனே தெரியும். வின்சென்ட்டோட கடைசிக் கடிதத்தை எடுத்துக்கிட்டு அலையற அந்த மஞ்சள் கோட்டு ஹீரோ இவர்தான். அந்தப் படத்தோட சுமார் 65,000 ஃபிரேமையும் 125 ஓவியர்கள் ஆயில் பெயின்டில் கையால் வரைஞ்சாங்க. அவங்க எல்லாரும் தொழில் தெரிஞ்ச ஓவியர்கள். இருந்தும் வேலை தொடங்கும் முன்னாடி வான்கோ மாதிரி பிரஷ் பிடிக்கத் தனியா பயிற்சி எடுத்துக்கிட்டாங்க.

இப்ப கடைக்குப் போவோம். பெரிய செட் வாங்காதீங்க. ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிற கேமல் மாதிரி ஸ்டூடன்ட் ட்யூப்களே போதும். வெள்ளை மட்டும் பெரிய ட்யூப், அது தண்ணியா செலவாகும். லெமன் எல்லோ, கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஒண்ணு, எல்லோ ஆக்கர், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின், பிரஷ்யன் ப்ளூ, விரிடியன் பச்சை. கறுப்பு வேண்டாம். பன்றி முடி பிரஷ், தட்டையா ரெண்டு, உருண்டையா ஒண்ணு. டர்பன்டைன், லின்சீட் ஆயில் சின்ன பாட்டில். லின்சீட்னா நம்ம ஆளி விதை எண்ணெய். 'எங்க வீட்ல தேங்காய் எண்ணெய் இருக்கே'ன்னு கேட்கிற புத்திசாலிகளுக்கு: அது காயவே காயாது! தண்ணி மாதிரி ஆவியாகி லின்சீட் காயறதில்லை. காத்தில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்து இறுகிப் படலமாகுது. அதனால்தான் மெதுவா காயுது, அதனால்தான் நாளைக்கும் வந்து திருத்தலாம். கத்துக்குட்டிக்கு இதைவிட நல்ல மீடியம் கிடையாது.

ஒரிஜினல் சுமார் 65க்கு 54 செ.மீ. நீங்க 12க்கு 10 இன்ச் கேன்வாஸ் போர்டு வாங்கினா நீள அகல விகிதம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ரெண்டு இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டா மேலிருந்து கீழே 6, குறுக்கே 5, மொத்தம் 30 கட்டம். பிரின்ட் மேலேயும் அதே 30 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 'மூக்கு', 'கண்'ணுன்னு நினைக்காம, இந்தக் கோடு கட்டத்தோட எந்த ஓரத்தை எங்கே தொடுதுன்னு மட்டும் பாருங்க. கஷ்டமா இருந்தா பிரின்ட், போர்டு ரெண்டையும் தலைகீழா திருப்பி வெச்சுக்கிட்டு வரையுங்க. மூக்குன்னு தெரிஞ்சாதானே மூளை தனக்குத் தெரிஞ்ச மூக்கைப் போடும்!

ஒரு விஷயம், பிரின்ட்டை நம்பறதிலும் அளவு வேணும். நாலு புத்தகத்தில் நாலு மஞ்சள் இருக்கும். மியூசியம் வெப்சைட்டில் கிடைக்கிற பெரிய படத்தை எடுத்து, அந்த ஒண்ணையே கடைசி வரை வெச்சுக்குங்க. ஒரிஜினலே அன்னைக்கு மாதிரி இல்லைங்கிறது வேற கதை. வான்கோ வாங்கின சில சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுத்துப் போச்சு, குரோம் மஞ்சள் பழுப்பு தட்டும். அவரோட பிரபலமான 'பெட்ரூம்' படத்தில் நாம பார்க்கிற நீலச் சுவர், அவர் வரைஞ்சப்ப ஊதாவாம். அதுக்குள்ள இருந்த சிவப்பு காணாமப் போயிடுச்சு.

முதல் நாள் டர்பன்டைனில் கரைச்ச தண்ணி மாதிரி பெயின்ட். எண்ணெய் சேர்க்கக் கூடாது. கீழே எண்ணெய் கம்மி, மேலே போகப் போக ஜாஸ்தி, அதுதான் ஆயில் பெயின்டிங்கோட தங்க விதி. மாத்திப் போட்டா, மேல் படலம் முதலில் இறுகி, கீழே இருக்கிறது அப்புறமா நிதானமா காய்ந்து, மேலே வெடிப்பு விடும். இந்த முதல் பூச்சில் இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு மட்டும் பிரிங்க. கண்ணைச் சுருக்கிப் பார்த்தா ரெண்டும் தானா பிரியும்.

ரெண்டாவது நாள் முகத்துக்குத்தான் கை பரபரக்கும். போகாதீங்க. முதலில் பின்னணிப் பச்சை, அப்புறம் கோட்டோட மஞ்சள். ஏன்? இதுக்கு ஒரு சாயப்பட்டறைக் கதை இருக்கு. பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்த கெமிஸ்ட் ஷெவ்ரல் கிட்ட, 'உங்க கறுப்பு நூல் மங்கலா இருக்கு'ன்னு புகார் வந்தது. சோதிச்சுப் பார்த்தா சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடற நூலோட கலர்தான் கறுப்பை அப்படிக் காட்டுது! அதைத் தோண்டித் துருவி 1839-ல் பெரிய புத்தகமே போட்டார். நம்ம ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். மாம்பழ மஞ்சள் புடவையை வெள்ளை விரிப்பில் காட்டறதுக்கும் அரக்கு பார்டரோடு காட்டறதுக்கும் வித்தியாசம் தெரியும் இல்லையா, அதேதான். வான்கோ இந்தக் கலர் தியரியை விழுந்து விழுந்து படிச்சவர். பச்சை, மஞ்சள் நடுவில் வெச்சாத்தான் அந்த முகம் முகமாகும். வெள்ளை போர்டு மேலே முதலில் முகத்தைப் போட்டா, எவ்வளவு சரியா கலந்தாலும் அழுக்கா தெரியும். நீங்க பயந்து போய் வெள்ளையை அள்ளிக் கொட்டுவீங்க.

முகத்துக்கு வந்தாச்சு. 'ஸ்கின் கலர்' ட்யூப் எங்கேன்னு தேடாதீங்க. போஸ்ட் கார்டு மாதிரி ஒரு வெள்ளை அட்டையில் மிளகு சைஸ் ஓட்டை போட்டு, பிரின்ட் மேலே நகர்த்திப் பாருங்க. கன்னத்தில் நிறுத்துங்க, நெத்தியில் நிறுத்துங்க, தாடைக்குக் கீழே நிறுத்துங்க. ஓட்டை வழியா தெரியறது தோல் இல்லை. வெறும் ஆக்கர், ரோஸ், பச்சை ஜாடை! இந்த அட்டை ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆனால் இதை வெச்சு ஒரு சாயங்காலம் பார்த்தவன் அப்புறம் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் முகத்தைக்கூட முன்ன மாதிரி பார்க்க முடியாது.

அந்தக் கலரைக் கலந்து, ஓட்டைக்குப் பக்கத்தில் அட்டை மேலேயே ஒரு துளி தடவி ஒப்பிடுங்க. சரியா இருந்தா பிரஷில் தாராளமா எடுத்து, ஒரே இழுப்பு. வெச்சாச்சா? கையை எடுத்துடுங்க. தேய்க்கக் கூடாது, குழைக்கக் கூடாது. கன்னத்தில் போற தீற்றல் கன்னத்தோட வளைவில் போகும், கோட்டுக்கு அதோட மடிப்புப்படி போகும். எந்தப் பக்கமா இழுத்திருக்கார்னு ஒவ்வொண்ணா பார்த்துச் செய்யணும். ஈர மஞ்சள் பக்கத்தில் ஈர நீலம் போகும்போது பிரஷைத் துணியில் துடைக்காம விட்டா, தொப்பியில் புல் முளைச்சிடும்! தொப்பிக்குக் கறுப்பு இல்லையேன்னு கவலைப்படாதீங்க, பிரஷ்யன் ப்ளூவில் துளி கிரிம்சன் விட்டாலே இருட்டு வந்துடும்.

இங்கேதான் அந்த 30 கட்டமும் கைவிடற இடம் வருது. எல்லா அளவும் சரி, எல்லா கலரும் சரி, ஆனால் ஆர்மண்ட் மட்டும் வரலை. வேற யாரோ மஞ்சள் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பான். படத்தையும் உங்க போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு, கண்ணாடியில் ரெண்டையும் பாருங்க. எங்கே விலகியிருக்குன்னு பளிச்சுன்னு தெரியும். அப்புறம் ஆர்மண்டையே கொஞ்ச நேரம் பாருங்க. பெரிய மனுஷன் மாதிரி கோட்டு, ஸ்டைலா தொப்பி, இப்பத்தான் எட்டிப் பார்க்கிற மீசை. ஆனால் கண்ணில் அந்தத் தோரணை இல்லை. வேலைக்குப் போக ஆரம்பிச்ச 17 வயசுப் பையனுக்கு, பெரியவனா நடிக்கலாமா வேண்டாமான்னு ஒரு தயக்கம். இமையோட கனம், உதட்டோட ஓரம், அந்த ரெண்டு இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கு. இது என்னோட வாசிப்பு. உங்களுக்கு அவன் திமிரா தெரிஞ்சா, அப்படியே வரையுங்க. ஆனா ஏதாவது ஒண்ணைத் தீர்மானிச்சே ஆகணும். ஜெராக்ஸ் மெஷினுக்கு இந்த வேலை கிடையாது. காப்பி அடிக்கிற உங்களுக்கு உண்டு. வான்கோவே இதே பையனை இன்னொரு தடவை பக்கவாட்டில் வரைஞ்சிருக்கார், அது ரோட்டர்டாமில் இருக்கு. அதில் சோகம் தூக்கலா தெரியும். ஒரே பையன், அதே சமயத்தில் வரைஞ்சது!

'அப்ப காப்பியே அடிச்சுட்டிருந்தா போதுமா?'ன்னு கேட்டா, சைனாவில் ஷென்ஜென் பக்கம் டாஃபென் என்ற இடத்தைச் சொல்லணும். உலகத்துக்கே ஆயில் பெயின்டிங் காப்பி சப்ளை பண்ணின ஊர். அங்கே ஜாவ் ஷியாவ்யோங் என்கிற ஓவியர், குடும்பத்தோடு சேர்ந்து இருபது வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோ காப்பி வரைஞ்சிருக்கார். ஒரிஜினல் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. 2016-ல் வந்த 'சைனாஸ் வான்கோஸ்' டாக்குமென்டரியில் அவர் கதைதான். காசு சேர்த்து ஆம்ஸ்டர்டாம் போறார். தன்னோட படங்களை வாங்கறவர் பெரிய கேலரி வெச்சிருக்கார்னு நினைச்சுப் போனா, அது டூரிஸ்ட்டுகளுக்குப் பரிசுப் பொருள் விக்கிற கடை. அவருக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு விலை. அப்புறம் மியூசியத்துக்குள்ளே போய் ஒரிஜினல் முன்னாடி நிக்கறார். கலரே வேற! இருபது வருஷம் கையில் பழகின படம், இவர் போட்டதோட ஒத்துப் போகலை. அந்த மனுஷன் முகத்தை அந்த இடத்தில் பாருங்க, எந்த ஆர்ட் கிளாஸும் அதைச் சொல்லித் தராது. ஊர் திரும்பினதும் தன்னோட பாட்டியை உட்கார வெச்சு வரையறார். வான்கோவோட பாட்டி இல்லை, அவரோட பாட்டி.

அதனால என்னைக் கேட்டா ஆர்மண்ட் ஒரு தடவை, தைரியம் வரலைன்னா ரெண்டு தடவை, அதோட சரி. பின்பக்கம் 'வான்கோவைப் பார்த்து வரைந்தது'ன்னு எழுதி உங்க பேரும் தேதியும் போட்டுடுங்க. முன்பக்கம் 'வின்சென்ட்'னு கையெழுத்துப் போடற ஆசை மட்டும் வேண்டாம். பெர்லினில் ஓட்டோ வாக்கர் என்ற வியாபாரி போலி வான்கோக்களை ஒரிஜினல்னு வித்து, 1932-ல் கோர்ட்டில் நின்னு, ஜெயிலுக்குப் போனார்.

ஹாஸ்டல்வாசிகளுக்கு ரெண்டு வார்த்தை. ஜன்னலைத் திறந்து வெச்சே வேலை செய்யுங்க, டர்பன்டைன் வாடைக்குத் தலை சுத்தும். பிரஷை வாயில் வைக்கவே கூடாது, சில பெயின்டுகளில் விஷம் உண்டு. முக்கியமா, லின்சீட் ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போட்டா தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நிஜமாத்தான்! விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணியில் முக்கி மூடி போட்ட டப்பாவில் போடுங்க. படத்தை பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க, இருட்டில் லின்சீட் மஞ்சள் தட்டும். வார்னிஷ் அடிக்க ஆறு மாசமாவது பொறுங்க.

அந்த ஆறு மாசத்தில் அடுத்த போர்டை எடுத்து, எதிரே ரூம்மேட்டை உட்கார வையுங்க. அவனுக்குக் கட்டம் கிடையாது, பிரின்ட் கிடையாது, நடுவில் கொட்டாவி வேற விடுவான். ஆனா அந்த ஓட்டை போட்ட அட்டை இருக்கே! போஸ் கொடுக்க என்ன கேட்பான்கிறதுதான் பிரச்னை. ஆர்மண்டோட அப்பா ரூலான் போஸ் கொடுத்ததுக்குக் காசே வாங்கலையாம். ஆனா கூட உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிச்சதில் அதைவிட ஜாஸ்தி செலவாச்சுன்னு வின்சென்ட் கடிதத்தில் புலம்பியிருக்கார். பரோட்டாவுக்கு இப்பவே தனியா எடுத்து வெச்சுடுங்க.